ஆற்றுக்கு அடியில் நாற்பத்தொரு குறைகள்

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. தணிக்கை என்றதும் ஏதோ கணக்கு பார்ப்பது என்று நினைத்துக்கொள்வார்கள். புதிதாகப் போட்ட சாலையில், அதைத் திறப்பதற்கு முன்னால் ஒருவர் நடந்து போக வேண்டும். இங்கே யார் எப்படி அடிபடுவார்கள் என்று யோசிக்க வேண்டும். யோசித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். சாலை போட்டவர்களுக்கு அந்த ஆளைப் பிடிக்காது.

எங்கள் நகரத்தில் அந்த ஆள் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி. பொறியாளர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆனாலும் மேடம்'. எதைக் காட்டினாலும் முழுசாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனாலும்..." என்று ஆரம்பிப்பார். அது முடிய குறைந்தது பதினைந்து நிமிஷம் ஆகும். இப்படி ஒரு பெயர் உலவுவதை யாரோ அவரிடமே போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லாததால் சொன்னவருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

மேடத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வுக்கு மூன்று தடவை போனார். மூன்றிலும் தோற்றார். முதல் தடவை, சாலையோரம் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் குறுக்கே வரக்கூடும் என்று மேடம் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். பெரியவர் பஸ்ஸுக்காக நின்றிருந்தவர். பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போக ஆறு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் தேர்வு அதிகாரி இறங்கி நடந்தே அலுவலகம் போய்விட்டார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "வீட்டுக்கு ஒருத்தர் ஓட்டினா போதும்" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவைத்தவர் அவர்தான். வீட்டு மாடிப்படியில் ஒன்பதாவது படி மட்டும் ஒரு விரற்கடை உயரம் கூட என்று மேடம் கண்டுபிடித்து, அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் ஒன்பதாவது படியையே பார்த்தபடி ஏறிப் பத்தாவது படியில் இடித்துக்கொண்டார்கள். மேடம் அதையும் குறித்துக்கொண்டார். பத்தாவது படிக்கும் பெயிண்ட் அடித்தார்.

அவர் இந்த வேலைக்கு வந்த வழி கொஞ்சம் சுற்றுவழி. இருபத்து மூன்று வயதில் போக்குவரத்துக் காவல் அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். நகரத்தில் நடக்கும் விபத்துகள் எல்லாம் கையால் எழுதிய படிவங்களாக வந்து சேரும். அவற்றைத் தட்டச்சு செய்து அடுக்க வேண்டும். படிவத்தில் பதினான்காவது கட்டம், 'விபத்துக்கான காரணம்'. எந்தப் படிவத்தை எடுத்தாலும் அதில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றுதான் இருக்கும். பதினோரு வருஷம் அந்த இரண்டு சொற்களை அடித்தார். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்கு விரல்களுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் பழைய படிவங்களை இடவாரியாகப் பிரித்து அடுக்கும்போது, ஒரே ஒரு வளைவில் மட்டும் பத்தொன்பது படிவங்கள் சேர்ந்தன. பத்தொன்பதிலும் கவனக்குறைவு. ஊரில் இருக்கிற கவனமில்லாதவர்கள் பத்தொன்பது பேர் எப்படிச் சொல்லிவைத்தாற்போல் ஒரே வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்து, கையில் இருந்த பாட்டில் தண்ணீரைச் சாலை நடுவில் ஊற்றினார். தண்ணீர் வளைவின் உள்பக்கம் ஓடியிருக்க வேண்டும். அது நிதானமாக வெளிப்பக்கம் ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. பத்தொன்பது வண்டிகளும் அப்படித்தான் போயிருந்தன.

"ரோடே வெளிய தள்ளுது பாருங்க" என்றார்.

"குடிக்கத் தண்ணி வெச்சிருக்கியா?" என்றார் கணவர்.

இருக்கவில்லை.

மேலதிகாரிக்கு எழுதினார். "உங்க வேலை டைப் அடிக்கிறதுதானேம்மா?" என்று கேட்டார் மேலதிகாரி. அது நியாயமான கேள்வியாக அவருக்குப் பட்டது. அதனால் வேலையை மாற்றிக்கொள்ள முடிவு செய்தார். மாலை நேரக் கல்லூரியில் சேர்ந்து ஐந்து வருஷம் பொறியியல் படித்தார். கணவர் பணிநேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டு சாயங்காலம் சமையலைப் பார்த்துக்கொண்டார். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கியபோது மேடத்துக்கு நாற்பது வயது. அந்த வளைவில் படிவங்கள் முப்பத்தொன்று ஆகியிருந்தன. அவர் தணிக்கை செய்த முதல் சாலை அதுதான். அதைச் சரிசெய்ய ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது.

நகரத்தை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. அதற்கு அடியில் சுரங்கப்பாதை போடும் வேலை ஆறு வருஷமாக நடந்து, மார்ச் மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. கிழக்கே போக ஒரு குழாய், மேற்கே போக ஒரு குழாய், ஒவ்வொன்றும் ஆயிரத்து நானூறு மீட்டர். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்து, மேடையும் பாதி கட்டியாகிவிட்டது. தணிக்கைக்கு மேடத்தை அனுப்பினார்கள். தணிக்கையை ஒரே ஆள் செய்யக்கூடாது என்பது விதி. துணைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவல் அதிகாரி. ஓய்வுபெற்று நாலு வருஷம் ஆகியும் சட்டைப் பையில் விசில் வைத்திருப்பதால் அவருக்கு விசில் என்றே பெயர். மேடம் மட்டும் 'அண்ணே' என்று கூப்பிடுவார்.

சுரங்கத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் நேர்த்தியான மனிதர். தலைக்கவசத்தைக்கூடத் துடைத்துத்தான் போடுவார். முதல் நாள் பகல் பதினோரு மணிக்கு அவரே இருவரையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். சுவரெல்லாம் பால்போல் வெளுத்திருந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆற்றுக்கு அடியில் நிற்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை.

"எப்படி இருக்கு மேடம்?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் மேடம். பொறியாளர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார்.

நாற்பது குறைகள் தேறின. அவசரத் தொலைபேசி ஒன்றை அறிவிப்புப் பலகை மறைத்துக்கொண்டிருந்தது. 'உள்ளே வரும் முன் விளக்கைப் போடவும்' என்ற பலகை சுரங்கத்தை விட்டு வெளியேறும் இடத்தில் இருந்தது. ஓடுகிற மனித உருவம் வரைந்த பலகை ஒன்று, தப்பிக்கும் கதவுக்கு எதிர்த்திசையில் ஓடச் சொன்னது. இப்படியே போயிற்று. பொறியாளரின் ஆட்கள் மளமளவென்று சரிசெய்தார்கள். தொலைபேசியை மறைத்த பலகையைக் கழற்றி அடுத்த தொலைபேசிக்கு முன்னால் மாட்டினார்கள். மேடம் மறுபடி எழுதினார்.

பிறகு, சாயங்காலமும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார்.

"காலைல பாத்த ரோடுதானே மேடம் சாயங்காலமும் இருக்கப்போகுது?" என்றார் பொறியாளர்.

"ரோடு அதேதான் சார். வெளிச்சம் வேற."

மறுநாள் ஐந்து மணிக்கு மேடமும் விசிலும் மேற்குக் குழாயில் நடக்க ஆரம்பித்தார்கள். விசிலுக்குக் கால் வேகம். அவர் முன்னால் போய், வெளியே நூற்றிருபது மீட்டரில் இருக்கும் போக்குவரத்து சிக்னல் கம்பத்தடியில் நிற்பதாக ஏற்பாடு. மேடம் ஒவ்வொரு விளக்காகப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். சுரங்கத்தின் கடைசியில் சாலை மேல்நோக்கி ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் காலை வைத்தபோது மணி ஐந்து முப்பத்தெட்டு.

மேடம் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஒன்றுமே இல்லை. சாலை இல்லை, சிக்னல் இல்லை, வானம் இல்லை. சுரங்கத்தின் வாய் முழுக்கச் சூரியன் வந்து உட்கார்ந்திருந்தது. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். விரல்கள்தான் தெரிந்தன.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று கத்தினார்.

"இங்கதாம்மா நிக்கிறேன். கையை ஆட்டுறேன் பாரு!"

"தெரியலண்ணே!"

விசில் விசிலை எடுத்து ஊதினார். காது கிழிந்தது. ஆளைக் காணவில்லை. அவர் போட்டிருந்தது அரை கிலோமீட்டருக்குத் தெரியும் என்று அட்டையில் எழுதியிருந்த பளபளக்கும் மஞ்சள் சட்டை. முப்பத்திரண்டு வருஷம் நாற்சந்திகளில் நின்றவர் அவர். விசில் ஊதியும் ஒருவர் தன்னைப் பார்க்காதது இதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். சொல்லும்போது முகம் வாடியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் மேடம் கணவரிடம் கேட்டார். "வெயில் நேரா மூஞ்சில அடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி போற வண்டியோட முதுகைப் பிடிச்சுக்கிட்டே போவேன்."

"அதுவும் தெரியலன்னா?"

கணவர் சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தார். "இருக்கும்னு நெனச்சுப்பேன். வேகத்தைக் குறைப்பேன். ஆனா பின்னாடி வர்றவன் குறைக்கணுமே."

மேடம் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மேற்குக் குழாயின் வாய் மேற்கிலிருந்து சற்றே தெற்காகத் திரும்பியிருந்தது. வருஷத்தில் இரண்டு தடவை, மார்ச்சில் மூன்று வாரமும் செப்டம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரமும், சூரியன் சரியாக அந்த வாயில் இறங்கும். நேரம் ஐந்தரை முதல் ஆறு. ஊரே வேலை விட்டு வீட்டுக்குப் போகும் நேரம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு ஆறு விநாடி கண் தெரியாது. ஆறு விநாடியில் வண்டி நூறு மீட்டர் போய்விடும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் நிற்கும் வண்டிகளின் வால் முடிவதும் அந்த நூறு மீட்டருக்குள்தான். இதை நாற்பத்தொன்றாவது குறையாக எழுதினார். சிக்னலைத் தள்ளி வைக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், வாயிலுக்கு மேல் வெயிலைத் தடுக்கும் தகடுகள் போட வேண்டும், அதுவரை திறக்கக்கூடாது என்று முடித்தார்.

ஒவ்வொரு குறைக்கும் எதிரே பொறியாளர் பதில் எழுத வேண்டும். நாற்பதுக்கும் 'ஏற்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். நாற்பத்தொன்றுக்கு எதிரே, 'ஏற்கப்படவில்லை. சூரியன் இத்திட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை.'

கூட்டம் போட்டார்கள். நீள மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர். குளிரூட்டி ஓடியது, தேநீர் ஆறியது.

"மேடம், சூரியனை நாங்க கட்டல" என்றார் பொறியாளர். "உலகத்துல எல்லா ரோட்லயும்தான் வெயில் அடிக்குது. கண்ணாடிக்கு மேல இருக்கிற மறைப்பை இறக்கிவிட்டா தீந்துது."

"வெளி ரோட்ல வெயில் கொஞ்சம் கொஞ்சமா வரும் சார். இங்க ஒண்ணரை நிமிஷம் இருட்டுக்குப் பழகின கண்ணு. மறைப்பை இறக்கணும்னு தோணுறதுக்கே ரெண்டு விநாடி ஆகும். ஏத்தத்துல மறைப்புக்குக் கீழதான் சூரியன் நிக்குது."

பொறியாளர் கோப்பை மூடினார். குரலைச் சற்றுத் தணித்து, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

மேஜையைச் சுற்றி யாரும் யாரையும் பார்க்கவில்லை. விசில் மட்டும் பைக்குள் கையை விட்டார்.

"தெரியாது சார்" என்றார் மேடம். "மூணு தடவை ஃபெயில். உங்களுக்கு நல்லா ஓட்டத் தெரியும்ல?"

"இருபத்தேழு வருஷம். ஒரு கீறல் கிடையாது."

"அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நான் எழுதினது தப்புன்னா நானே அடிச்சிடுறேன்."

சோதனைக்கு மறுநாள் சாயங்காலம் குறித்தார்கள். சோதனையில் யாரும் அடிபடக்கூடாது என்று மேடம் அதற்கும் ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினார். அது நாலு பக்கம் வந்தது. சுரங்க விளக்குகள் வந்த காலி அட்டைப்பெட்டிகளை விசில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு சின்னக் காரின் பின்பக்கம் அளவுக்குக் கட்டி, சாம்பல் நிற பிளாஸ்டிக் விரிப்பால் மூடினார். பெட்டிகள் உண்மையிலேயே காலியா என்று மேடம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடைசியாகப் பார்த்த பெட்டிக்குள் யாரோ வைத்திருந்த மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கிடைத்தது.

பெட்டிகளை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பொறியாளருக்குச் சொல்லவில்லை. வண்டி வரிசையின் வால் எங்கே முடியும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதே என்றார் மேடம். பெட்டி இருப்பது தெரிந்தால் போதும் என்றார் பொறியாளர்.

பகல் வெளிச்சத்தில் முதலில் ஒரு ஓட்டம். பொறியாளர் அலட்டிக்கொள்ளாமல் நாற்பது மீட்டருக்கு முன்னாலேயே நிறுத்தினார். பின்சீட்டில் இருந்த மேடத்தைக் கண்ணாடியில் பார்த்துப் புன்னகைத்தார். சாயங்காலம் ஐந்து நாற்பத்திரண்டுக்கு இரண்டாவது ஓட்டம். விசில் சிமெண்டுத் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார். பெட்டிகள் வேறு இடத்துக்கு மாறியிருந்தன. வண்டி சுரங்கத்துக்குள் அறுபதில் சீராக வந்தது. பொறியாளர் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மறைப்பை இறக்கிவிட்டிருந்தார். கண்ணைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோல் கவனமாக ஓட்டினார்.

வண்டிக்குள் வெள்ளை வந்து நிறைந்தது. பிறகு ஒரு சத்தம், பெரிய தலையணை வெடித்ததுபோல. கண்ணாடிமேல் அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு விலகியது. அதற்குப் பிறகு பிரேக் கிறீச்சிட்டது.

எல்லாம் அடங்கியதும் சாலை முழுக்க அட்டைகள் கிடந்தன. ஒன்று மட்டும் உருண்டு உருண்டு சிக்னல் கம்பம்வரை போய் நின்றது. பொறியாளர் ஸ்டியரிங்கை விடவில்லை.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"எழுபது மீட்டர்ல சார்" என்றார் மேடம் பின்சீட்டிலிருந்து.

"நான் பிரேக்கைத் தொடவே இல்லையா?"

"தொட்டீங்க. பெட்டிக்கு அப்புறம்."

தடுப்பைத் தாண்டி வந்த விசில், பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்துவிட்டார். தேதி எழுதினார், நேரம் எழுதினார், வண்டி எண் எழுதினார். அடுத்ததற்கு வந்ததும் பேனா நின்றது. குனிந்து சன்னல் வழியாக, "காரணம்னு என்ன சார் போட?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

பொறியாளர் ஸ்டியரிங்கிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தார். "நான் கவனமாத்தான் ஓட்டினேன்" என்றார்.

"அதையே எழுதுங்கண்ணே" என்றார் மேடம். படிவங்களைத் தட்டச்சு செய்த அத்தனை வருஷத்தில், அந்தக் கட்டத்தில் யாரும் அப்படி ஒரு வாக்கியம் எழுதி அவர் பார்த்ததில்லை.

திறப்பு விழாவைத் தள்ளிவைக்கப் பொறியாளரே கடிதம் எழுதினார். அதற்காக அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது அலுவலகக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் கேட்டது. பாதி கட்டிய மேடையைப் பிரித்தார்கள். சிக்னலை இருநூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நட்டார்கள். வேகத்தை நாற்பதாகக் குறைத்தார்கள். 'முன்னால் வண்டிகள் நிற்கின்றன' என்று மினுக்கும் பலகை ஒன்றைச் சுரங்கத்துக்குள் மாட்டினார்கள். மே மாதம் சுரங்கம் திறந்தது. மேடை மறுபடி கட்டப்பட்டது. தணிக்கைக்காரர்களுக்கு அழைப்பிதழ் வந்தது, விழா முடிந்த மறுநாள்.

வெயில் தடுக்கும் தகடுகள் மட்டும் வரவில்லை. செப்டம்பர் முதல் வாரம் என்றார்கள், பிறகு அக்டோபர் என்றார்கள், பிறகு நவம்பர் என்றார்கள். செப்டம்பர் கடைசி வந்துவிட்டது. மேடம் வாரத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பதில் இல்லை.

அந்தத் தடத்தில்தான் அப்போது கணவரின் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் இரவு சாப்பிடும்போது, "உன் பொறியாளர் அங்க நிக்கிறாரு" என்றார்.

"எங்க?"

"சுரங்கம் முடியிற எடத்துல. ஓரமா."

"என்ன பண்றாரு?"

"நிக்கிறாரு. நேத்தும் நின்னாரு. முந்தாநேத்தும் நின்னாரு."

மறுநாள் மேடம் கணவரின் பஸ்ஸிலேயே ஏறி, சுரங்கத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓரமாக நடந்து திரும்பி வந்தார். பொறியாளர் சிமெண்டுத் தடுப்புக்குப் பின்னால், சுத்தமான தலைக்கவசத்தோடு நின்றிருந்தார். கையில் வாக்கி-டாக்கி, கக்கத்தில் ஒரு கோப்பு. வண்டிகளின் வால் சுரங்கத்தை நோக்கி நீளும்போதெல்லாம், "பச்சை போடு" என்று சிக்னல் அறைக்குச் சொல்வார். வால் கரைந்துவிடும். சூரியன் சுரங்கத்தின் வாய்க்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து வந்த ஒவ்வொரு வண்டியும் ஒரு கணம் தயங்கி, முன்னால் காலியாக இருந்த சாலையில் போயிற்று. ஓட்டியவர்கள் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் கவனித்திருக்கவும் முடியாது.

"எத்தனை நாளா சார்?"

"இன்னியோட ஒம்பது. இன்னும் பன்னெண்டு இருக்கு. உங்க கணக்குதான்."

"ஒரு ஆளைப் போட்டிருக்கலாமே?"

"கேட்டேன். சூரியனுக்கு ஆள் போடறதுக்கு விதி இல்லையாம்." வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "பச்சை போடு." பிறகு திரும்பி மேடத்தைப் பார்த்தவர், "முதல்ல நீங்க உள்ள வாங்க மேடம். தடுப்புக்கு வெளிய நிக்கிறீங்க" என்றார்.

மேடம் கீழே பார்த்தார். உண்மைதான். தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை. முதுகு சுவரில் உரசியது, முழங்கை பொறியாளரின் கோப்பில் இடித்தது.

"ஒருத்தர் ஒதுங்கி நிக்கிறதுக்கு இங்க எடமே விடலையே சார். இது என் கண்ணுலயும் படாமப் போச்சு."

"ட்ராயிங் போட்டது நான்தான்" என்றார் பொறியாளர், வண்டிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "எழுதிக்கோங்க. ஏற்கப்பட்டதுன்னு இப்பவே போட்டுத் தர்றேன்."

மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்தார். வெயிலில் தாள் தெரியவில்லை. சூரியன் இறங்கட்டும் என்று காத்திருந்தார்.